முத்திரை குத்தும் புத்தி

(அனுப்பர்பாளையத்தில் பாத்திரத் தொழிலாளர்களும் பனியன் தொழிலாளர்களும் கூடிய கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று பேசுவதற்கு நமக்குக் கொடுக்கப்பட்ட விஷயம் "ஜாதி ஒழிப்பு" என்பதாகும். ஆனால் நாம் இன்று ஜாதியைப்பற்றி நேராகப் பேசப் போவதில்லை. பிறவியைக்கொண்டு ஒருவனை இழிவாக நினைப்பது தப்பு என்று ஒப்புக்கொண்டு, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, மேடையேறியும் பேசிவருகின்ற நமக்குள்ளேயே அதே புத்தி வேறொரு பேரில் சுகமாகக் குடியிருந்து வருகின்றது. அதைப்பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்லலாமென்று வந்திருக்கின்றோம். நாம் பெரிய படிப்புப் படித்தவரல்ல. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனவர். பிறகு நூல்நிலையத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதையும், அனுபவத்தில் பட்டதையுமே சொல்லுகின்றோம். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

முதலில் நம்முடைய யோக்கியதையையே சொல்லிவிடுகின்றோம். சுமார் எட்டு வருஷங்களுக்குமுன் நாம் வேலை பார்த்த ஒரு பட்டறையில் செம்புத் தகட்டின் வெட்டுத் துண்டுகள் எடை குறைந்துவிட்டன. முதலாளி வந்து, "ஏனப்பா, தகடு குறையுதே, யாரப்பா எடுத்தது?" என்று கேட்டார். அங்கே பதினோரு பேர் இருந்தோம். பத்துப்பேர் இந்த வட்டாரத்தார். ஒருவன் ஒரிசாவிலிருந்து வந்து பாலீஷ் வேலை பார்த்த பையன். யாரும் எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் கேள்வி முடிவதற்குமுன் ஒரு குரல், "வேற யாருங்க, அந்த வடக்கத்திப் பையன்தானுங்க" என்று சொல்லிற்று. அந்தக் குரல் நம்முடைய குரல்தான். மற்ற ஒன்பது பேரும் தலையாட்டினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பையனுக்கு ஆறு நாள் கூலியைக் கொடுக்காமல் வெளியே அனுப்பிவிட்டார்கள். அவன் கைகூப்பி ஏதோ சொன்னான். அவன் பாஷை நமக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமென்றும் நமக்குத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து வியாபாரி கடைச் சீட்டைச் சரிபார்த்தபோது, காணாமற்போன துண்டுகள் அத்தனையும் வேறொரு மூட்டையோடு சேர்ந்து கடைக்கே போய் எடை போடப்பட்டிருந்தது தெரிந்தது. திருட்டே நடக்கவில்லை! அந்தப் பையனைத் தேடலாமென்றால் அவன் பேர் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவனை "டேய் பையா" என்றுதான் கூப்பிட்டிருக்கின்றோம். பேர் தெரியாதவனை எங்கே போய்த் தேடுவது?

தோழர்களே! அதற்கு முதல்நாள் இரவு நாம் எங்கே இருந்தோம் தெரியுமா? பக்கத்து ஊர்க் கூட்டத்தில், "பிறப்பினால் ஒருவனுக்குக் குணம் வருமென்பது பித்தலாட்டம்" என்று ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கைதட்டலும் வாங்கினோம்.

அச்சும் வார்ப்பும்

இப்படிப்பட்ட புத்தி ஒரு மனிதனுக்கு எப்படி வருகின்றது என்பதைப்பற்றி மனத்தத்துவ அறிஞர்கள் சுமார் நூறு வருஷமாக ஆராய்ந்திருக்கின்றார்கள். 1922-ல் அமெரிக்கப் பத்திரிகாசிரியர் வால்டர் லிப்மன் என்பவர் பொதுஜன அபிப்பிராயத்தைப்பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் இந்தப் புத்திக்கு "ஸ்டீரியோடைப்" என்று பேர் வைத்தார். அது அச்சுக்கூடத்து வார்த்தை. எழுத்துக்களைக் கோத்த பக்கத்தை அப்படியே ஒரே உலோகத் தகடாக வார்த்து வைத்துக்கொள்வார்கள். பிறகு எத்தனை ஆயிரம் காகிதம் அடித்தாலும் ஒரே மாதிரிதான் விழும். மனிதன் மண்டைக்குள்ளும் இம்மாதிரித் தகடுகள் இருக்கின்றன. நாம் முதலில் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்வதில்லை, முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் பிறகு பார்க்கின்றோம் என்பது அவர் சொன்னதன் கருத்து.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அச்சில் வைத்து அடித்தால் எந்தத் தகடும் அந்த அச்சின் வடிவமாகத்தான் வரும். குடத்துக்கு அது வேண்டும். ஒரு குடம்போல் மற்றொரு குடம் இருந்தால்தான் விலைபோகும். மனிதன் செம்புத் தகடா? ஒரே தாய் வயிற்றில் பிறந்த நான்கு பிள்ளைகள் நான்கு குணமாக இருப்பதைத் தினமும் வீட்டில் பார்க்கின்றோம். அப்படியிருக்க, பீகார், ஒரிசா, ஜார்க்கண்டு, வங்காளம், அஸ்ஸாம் ஆகிய மாகாணங்களில் பிறந்த கோடிக்கணக்கான ஜனங்களை "வடக்கன்" என்ற ஒரே அச்சில் போட்டு அடித்து, "அவனுங்களே அப்படித்தான்" என்று சொல்லுகின்றோமே, இதைவிட மூடநம்பிக்கை வேறு உண்டா என்று கேட்கின்றோம்.

"மூளை இப்படி வகை பிரிப்பது இயற்கைதானே?" என்று கேட்கலாம். வகை பிரிப்பது இயற்கைதான். பாம்பென்றால் ஒதுங்குகின்றோம், நெருப்பென்றால் கை எடுக்கின்றோம். ஒவ்வொன்றையும் புதிதாக ஆராய்ந்துகொண்டிருந்தால் உயிர் வாழ முடியாது. ஆனால் பசியும் இயற்கைதான். அதற்காக அடுத்தவன் இலையில் கை வைப்பதை யாராவது நியாயமென்பார்களா? இயற்கையாய் வருவதை அறிவினால் அடக்கி ஆளுவதற்குத்தான் பகுத்தறிவு என்று பேர்.

ஒன்றுமில்லாததற்கும் கட்சி

இந்தக் கட்சி மனப்பான்மைக்குப் பெரிய காரணம் வேண்டுமென்றுகூட இல்லை. ஹென்றி தாஜ்பெல் என்றொரு அறிஞர். போலந்து நாட்டு யூதர்; யுத்தத்தில் நாஜிகள் அவர் குடும்பத்தாரை அழித்துவிட்டார்கள். "சாதாரண மனிதர்கள் எப்படி இவ்வளவு துவேஷத்துக்கு வந்தார்கள்?" என்ற கேள்வி அவரைவிட்டுப் போகவே இல்லை. 1970 வாக்கில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களைக் கொண்டு ஒரு பரீட்சை செய்தார். திரையில் புள்ளிகளைக் காட்டி எத்தனையென்று கேட்டார். பிறகு, "நீ கூடுதலாய்ச் சொன்ன கட்சி, நீ குறைவாய்ச் சொன்ன கட்சி" என்று பிரித்தார். உண்மையில் சீட்டுப்போட்டதுபோல் கண்டபடி பிரித்ததுதான். ஒருவன் கட்சியில் யார் இருக்கின்றார்கள் என்றுகூட அவனுக்குத் தெரியாது. பிறகு மற்றவர்களுக்குக் காசு பிரித்துக்கொடுக்கச் சொன்னார். பையன்கள் தங்கள் கட்சிக்காரனுக்கே அதிகமாய்க் கொடுத்தார்கள். அதுமட்டுமல்ல, தங்கள் கட்சிக்கு மொத்தத்தில் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்கட்சியைவிட வித்தியாசம் அதிகமாயிருக்க வேண்டுமென்று கருதியும் கொடுத்தார்கள்!

புள்ளிக்கே இப்படியென்றால், பாஷை, நிறம், ஜாதி, மதம், ஊர் இவையெல்லாம் சேர்ந்தால் என்ன ஆகுமென்று யோசித்துப் பாருங்கள். நமக்கு நஷ்டம் வந்தாலும் அவனுக்கு அதிக நஷ்டம் வரவேண்டுமென்கின்ற புத்திதான் இந்த நாட்டு ஜாதிச் சண்டைகளின் சரித்திரம் முழுவதும்.

"அவனைப்பற்றித்தான் தினமும் பேப்பரில் வருகிறதே!"

இதுதான் பெரும்பாலோர் நம்மைக் கேட்கும் கேள்வி. இதற்கும் ஒரு கணக்கு இருக்கின்றது. 1976-ல் ஹாமில்டன், கிப்போர்டு என்ற இரண்டு அறிஞர்கள் 39 வாக்கியங்களைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். 26 வாக்கியங்கள் "அ" என்ற கூட்டத்தாரைப் பற்றியவை. அவற்றில் 18 நல்ல செய்கை, 8 கெட்ட செய்கை. 13 வாக்கியங்கள் "ஆ" என்ற சிறிய கூட்டத்தாரைப் பற்றியவை. அவற்றில் 9 நல்லது, 4 கெட்டது. இரண்டிலும் விகிதம் ஒன்றேதான். 9-க்கு 4. ஆனால் படித்து முடித்தவர்களைக் கேட்டால், "ஆ கூட்டத்தார்தான் கெட்டது அதிகம் செய்தார்கள்" என்று சொன்னார்கள். ஏன்? சிறு கூட்டம் கண்ணுக்குப் புதிது. கெட்ட செய்கையும் அபூர்வம். இரண்டு அபூர்வங்கள் ஒன்றுசேர்ந்தால் மனம் அதைக் கொக்கி போட்டு மாட்டிக்கொள்ளுகின்றது. மற்றதையெல்லாம் மறந்துவிடுகின்றது.

நம் பத்திரிகைகளைப் பாருங்கள். உள்ளூரான் ஒருவன் செயின் பறித்தால், "வாலிபர் கைது" என்று போடுகின்றார்கள். அதே காரியத்தை பீகாரில் பிறந்தவன் செய்தால், "வடமாநில வாலிபர் கைது" என்று போடுகின்றார்கள். நம்மவன் திருடினால் அவன் திருடன்; அவன் திருடினால் அவன் மாகாணமே திருட்டு மாகாணம்! வடக்கிலிருந்து வந்தவர்களில் திருடனே இல்லையென்று நாம் சொல்லவில்லை. எல்லாக் கூட்டத்திலும் இருப்பதுபோல் அங்கும் உண்டு. செய்தவனைப் பிடியுங்கள், தண்டியுங்கள். செய்யாத லட்சம்பேரை எதற்காகச் சந்தேகக் கூண்டில் ஏற்றுகின்றீர்கள் என்றுதான் கேட்கின்றோம்.

நம் கண்ணெதிரே நடந்தது

2023 ஜனவரியில் இந்த வேலம்பாளையம் பக்கத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். டீக்கடையில் சிகரெட்டுப் புகை விஷயமாகச் சில பேருக்குள் ஏற்பட்ட சில்லறைத் தகராறு என்று போலீசார் விசாரித்துச் சொன்னார்கள். ஆனால் அந்த வீடியோ "தமிழனை வடக்கன் ஓட ஓட விரட்டுகிறான்" என்ற தலைப்போடு நாடு முழுவதும் சுற்றிற்று. அதை நம் கைபேசியிலிருந்து ஒரே நாளில் நான்கு குழுக்களுக்கு அனுப்பிய புத்திசாலிகளில் நாமும் ஒருவர். என்ன நடந்தது, முன்னே என்ன, பின்னே என்ன என்று ஒருவரையும் கேட்கவில்லை.

அடுத்து மார்ச்சு மாதம் பந்து மறுபக்கம் போயிற்று. "தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைக் கொல்லுகின்றார்கள்" என்று வடக்கே வீடியோக்கள் பரவின. தமிழ்நாட்டுப் போலீஸ் தலைவர் அவை பொய்யென்று அறிவித்தார். ஒன்று, திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்ட சண்டை. மற்றொன்று, கோயமுத்தூரில் உள்ளூரார் இரு கோஷ்டிகளின் சண்டை. மூன்றாவதொன்றை பாட்னாவிலேயே ஒரு வீட்டில் வைத்து நாடகம்போல் எடுத்திருந்ததை பீகார் போலீசாரே கண்டுபிடித்தார்கள். பீகார் சர்க்கார் அதிகாரிகள் குழுவொன்று இந்தத் திருப்பூருக்கே வந்து விசாரித்துவிட்டுப் போயிற்று. அந்த வருஷம் ஹோலிப் பண்டிகை மார்ச்சு 8-ந் தேதி. பண்டிகைக்கு ஊர்போன கூட்டத்தையும், பயந்துபோன கூட்டத்தையும் ரயிலடியில் பிரித்தறிய முடியவில்லை. ஆளில்லாமல் கம்பெனிகளில் மிஷின்கள் நின்றன. தமிழனைப்பற்றி அங்கே ஒரு அச்சு. அவனைப்பற்றி இங்கே ஒரு அச்சு. இரண்டு அச்சையும் அடித்து விற்றவனுக்கு லாபம். இரண்டு பக்கத்துத் தொழிலாளிக்கும் பயம்.

பயம் எப்படிக் கதை கட்டுமென்பதற்கு பீகாரிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. 1934 ஜனவரி 15-ந் தேதி அங்கே பெரிய பூகம்பம் ஏற்பட்டது. அதன்பிறகு பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற அறிஞர் சேகரித்து ஆராய்ந்தார். அதிர்ச்சியை உணர்ந்து, ஆனால் சேதம் ஏதுமில்லாமல் தப்பிய ஜனங்களிடத்தில், "இதைவிடப் பெரிய ஆபத்து இன்ன நாளில் வரப்போகின்றது" என்ற வதந்திகள் ஏராளமாய் நடமாடின. கண்ணால் பார்த்த ஆபத்து ஏதுமில்லாவிட்டாலும் மனதில் பயம் இருக்கின்றது. அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கின்றது. ஆகவே காரணத்தை உண்டாக்கிக் கொள்ளுகின்றார்கள். பேய் பிறந்த கதையும் இதுதான், "வடக்கன் பிள்ளை பிடிக்கிறான்" என்ற கதையும் இதுதான்.

அந்தப் பிள்ளைபிடிக் கதை என்ன செய்தது தெரியுமா? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்குப் பக்கத்தில், சென்னையிலிருந்து காரில் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் நின்றது. அறுபது வயது தாண்டிய ஒரு அம்மாள் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். "பிள்ளை பிடிக்கிறவர்கள்" என்று ஊர் கூடி அடித்தார்கள். அந்த அம்மாள் செத்துப்போனார். அவர் வடக்கத்தியாரல்ல; தமிழச்சி! தமிழில் கதறியிருப்பார். அச்சுக்குள் போய்விட்ட மண்டைக்குப் பாஷைகூடக் காதில் விழவில்லை. அச்சு ஒன்றைச் செய்து வைத்துவிட்டால் அது இன்னாரைத்தான் அடிக்குமென்று யாரும் உத்தரவாதம் சொல்ல முடியாது.

நம் தலையில் குத்திய முத்திரைகள்

நிற்க, நம்மவர்கள் தலையிலும் பிறர் முத்திரை குத்தியிருக்கின்றார்கள். இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போய்த் தேயிலையும் காப்பியும் விளைவித்த தமிழனுக்கு அங்கே கிடைத்த பட்டம் "கள்ளத்தோணி". 1948-ல் குடியுரிமைச் சட்டம் செய்து லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கினார்கள். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப்பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று மூட்டை எண்ணுவதுபோல் எண்ணினார்கள். பம்பாயில் 1966-க்குப் பிறகு "மதராசி" என்ற ஒரே பேரில் தென்னாட்டார் அனைவரையும் சேர்த்து, வேலையைப் பறிக்கின்றவன் என்று விரட்டினார்கள். தென்னாப்பிரிக்காவில் "கூலி" என்ற வார்த்தையே நமக்கு ஜாதிப் பேராயிற்று. இவற்றையெல்லாம் கேட்கும்போது நமக்கு இரத்தம் கொதிக்கின்றதல்லவா? அதே வார்த்தைகளை இந்த ஊரில் நாம் சொல்லும்போது கேட்கின்றவனுக்கும் இரத்தம்தானே ஓடுகின்றது?

இன்னும் கிட்டே வாருங்கள். வெள்ளைக்காரன் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்தான். 1911-ல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தான். ஒருவன் திருடினானா என்ற கேள்வியில்லை; இன்ன கூட்டத்தில் பிறந்தானா, அவன் திருடன், ரேகை வைக்க வேண்டும், இரவில் போலீஸ் ஸ்டேஷனில் படுக்க வேண்டும் என்றான். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-ந் தேதி சுட்டுத் தள்ளினார்கள். 1947-ல் தான் அச்சட்டம் இங்கே ஒழிந்தது. பட்டறையில் நாம் அந்தப் பையனைக் காட்டி, "அவன்தான்" என்று சொன்னபோது நாம் செய்தது என்ன? 1871-ம் வருஷத்துச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தோம். அவ்வளவுதான்.

இந்த ஊர்ச் சரித்திரமே இதற்குச் சாட்சி. இந்நாட்டில் பனியன் தொழில் முதலில் வேரூன்றியது கல்கத்தாவில். இங்கே 1925 வாக்கில் குலாம் காதர் என்பவர் முதல் பனியன் கம்பெனியை ஆரம்பித்தார் என்கின்றார்கள். பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல், இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஜனங்கள் பிழைக்க வந்தார்கள். அவர்களில் பலர் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றீர்கள். "தெக்கத்தியானுக்கு வீடு விடமாட்டோம், அருவா எடுப்பான்" என்று அன்று இதே தெருக்களில் சொல்லக் கேட்டவர்கள்தானே நீங்கள்? இன்று உங்களில் சிலர் லைன் வீடு கட்டி வாடகைக்கு விடுகின்றீர்கள். வாசலில் என்ன சொல்லுகின்றீர்கள்? "இந்திக்காரனுக்கு வீடில்லை" என்கின்றீர்கள். அல்லது ஒரு அறையில் எட்டுப்பேரை அடைத்து, தலைக்கு இவ்வளவென்று வசூல் செய்துவிட்டு, "பார், எப்படி அசிங்கமாக இருக்கிறான்" என்கின்றீர்கள். எட்டுப்பேருக்கு ஒரு கக்கூசு கொடுத்தவன் யார்?

கூலி விஷயம்

"அதெல்லாம் சரி, அவன் வந்து குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டதால்தானே நம் கூலி ஏறவில்லை?" என்று ஒரு தோழர் சீட்டெழுதி அனுப்பியிருக்கின்றார். இது நியாயமான கேள்வி. இதைத் துவேஷம் என்று ஒதுக்கிவிட நாம் தயாராயில்லை. பீஸ் ரேட்டில் பேட்லாக்கும் ஓவர்லாக்கும் ஓட்டுகின்றவனுக்குக் காலணா குறைந்தாலும் அடுப்பில் தெரியும்.

ஆனால் குறைந்த கூலிக்கு ஏன் ஒத்துக்கொள்ளுகின்றான்? அவனுக்கு ஊரில் கடன் இருக்கின்றது. காண்டிராக்டர் முன்பணம் கொடுத்து அழைத்து வந்திருக்கின்றான். பாஷை தெரியாது. வீடு கம்பெனியுடையது. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டுப் படுக்கத்தான் நேரமிருக்கின்றது. இங்கே பேசிக்கொள்ள ஒருவருமில்லை. ஒருவரும் அவனைச் சேர்த்துக்கொள்ளுவதில்லை. ஆகவே கொடுத்ததை வாங்கிக்கொள்ளுகின்றான். அவன் மலிவாக இருக்க வேண்டுமென்றால் அவன் நம்மிடமிருந்து தனியாக இருக்க வேண்டும். அந்தத் தனிமையை உண்டாக்குவது எது? "வடக்கன்" என்ற முத்திரை! நாம் அவனைச் சங்கத்தில் சேர்க்கவில்லை. நம் நோட்டீசு தமிழில் மட்டும் இருக்கின்றது. நம் கோரிக்கையில் அவன் கூலி இல்லை. அப்படியானால் நம் துவேஷம் யாருக்கு வேலை செய்கின்றது? நமக்கா, கூலி கொடுக்கின்றவனுக்கா? ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று இருவரும் சேர்ந்து கேட்கும் நாள் வரைக்கும், அவனைக் காட்டி நம் கூலியையும், நம்மைக் காட்டி அவன் கூலியையும் குறைத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

என்ன செய்வது?

இந்தப் புத்தி மாறக்கூடியதா என்று கேட்பீர்கள். மாறக்கூடியதுதான். 1934-ல் லாபியர் என்ற அமெரிக்கர் ஒரு விஷயத்தை வெளியிட்டார். சீனர்கள்மேல் வெறுப்பு மிகுந்திருந்த அந்நாட்டில் ஒரு சீனத் தம்பதிகளோடு அவர் சுற்றுப்பிரயாணம் செய்தார். 251 ஓட்டல்களிலும் தங்குமிடங்களிலும் நுழைந்ததில் ஒரே ஒரு இடத்தில்தான் மறுத்தார்கள். பிறகு அதே இடங்களுக்கு, "சீனர்களைச் சேர்ப்பீர்களா?" என்று கடிதம் எழுதினார். பதில் எழுதியவர்களில் 100-க்கு 90 பேருக்குமேல், "சேர்க்கமாட்டோம்" என்றார்கள்! கடிதத்தில் இருந்தது முத்திரை. வாசலில் நின்றது மனிதன். மனிதனை நேரில் பார்த்தபோது முத்திரை தோற்றுவிட்டது.

ஆனால் வெறுமனே பக்கத்தில் இருந்தால் போதாது. நாம் அந்தப் பையனுக்குப் பக்கத்தில் ஆறு மாதம் இருந்தவர்தானே! 1954-ல் முசாபர் ஷெரிப் என்ற அறிஞர் அமெரிக்காவில் ஒரு காட்டு முகாமில் 22 பையன்களை இரண்டு கட்சியாக்கிப் போட்டிகள் வைத்தார். சில நாளில் கொடியை எரித்து, அறைகளைச் சூறையாடி, பகையாகிவிட்டார்கள். இரு கட்சியையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் வீசியடித்துக்கொண்டார்கள். பிறகு முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோகும்படி செய்தார். லாரி கிளம்பாதபடி செய்தார். இரு கட்சியும் கூடினால்தான் காரியம் ஆகுமென்ற நிலைமை வந்தது. கயிறு கட்டி லாரியை ஒன்றாக இழுத்தார்கள். அப்போதுதான் பகை கரைந்தது. அதே 1954-ல் கோர்டன் ஆல்போர்ட் என்பவரும் எழுதினார். சமமான அந்தஸ்து வேண்டும். ஒரே நோக்கம் வேண்டும். கூடி வேலை செய்ய வேண்டும். மேலே இருக்கின்ற சட்டமும் ஸ்தாபனமும் அதற்கு ஆதரவாயிருக்க வேண்டும். இந்த நான்கும் இருந்தால்தான் சேர்க்கை பலன் தரும் என்றார்.

ஆகவே தோழர்களே, தீர்மானம் நிறைவேற்றிக் கைதட்டிவிட்டுப் போவதைவிட, நாளைக் காலையில் செய்யக்கூடிய ஐந்து காரியங்களைச் சொல்லுகின்றோம்.

முதலாவது, பக்கத்து மிஷினில், பக்கத்துப் பட்டறையில் இருக்கின்றவனுடைய பேரைக் கேளுங்கள். "பையா" என்பது பேரல்ல. பேர் தெரிந்தவனைக் கூட்டத்தோடு கூட்டமாய்ச் சேர்த்துத் திட்டுவது கஷ்டம்.

இரண்டாவது, "அவனுங்களே அப்படித்தான்" என்ற வார்த்தை வாயில் வரும்போது, "அவனுங்க" என்ற இடத்தில் உங்கள் ஜாதிப் பேரையோ, ஊர்ப் பேரையோ வைத்து ஒருதரம் சொல்லிப் பாருங்கள். கோபம் வந்தால், முதலில் சொன்னதும் தப்புத்தான்.

மூன்றாவது, கைபேசியில் ஒரு வீடியோ வந்தால் எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் அடுத்தவனுக்கு அனுப்பாதீர்கள்.

நான்காவது, வீடு விடுகின்ற தோழர்கள் வாடகையைக் கேளுங்கள், அட்வான்சு கேளுங்கள், மாகாணத்தைக் கேட்டு மறுக்காதீர்கள்.

ஐந்தாவது, சங்க நோட்டீசை இந்தியிலும் ஒரியாவிலும் அச்சடியுங்கள். இந்தியைத் திணிப்பவனை எதிர்ப்பது வேறு; இந்தி பேசுகின்ற தொழிலாளியிடம் அவனுக்குத் தெரிந்த பாஷையில் கூலியைப்பற்றிப் பேசுவது வேறு. முந்தியது சுயமரியாதை. பிந்தியதும் சுயமரியாதைதான்.

கடைசியாக ஒன்று. சுயமரியாதை என்பது நம் மரியாதையை நாம் கேட்டு வாங்குவது மட்டுமல்ல. நமக்குக் கிடையாதென்று சொன்னவனிடம் நாம் எந்த நியாயத்தைக் கேட்டோமோ, அதை நம்மைவிட எளியவன் கேட்கும்போது கொடுப்பதும்தான். மேலே இருக்கின்றவன் முத்திரையை அழிக்கச் சொல்லிவிட்டு, கீழே இருக்கின்றவன் நெற்றியில் நாம் முத்திரை குத்தினால், நமக்கும் மனு எழுதினவனுக்கும் என்ன வித்தியாசம்?

அந்த ஒரிசாப் பையனுக்குச் சேரவேண்டிய ஆறு நாள் கூலியைப் பட்டறையில் எல்லோரும் சேர்ந்து எடுத்து வைத்தோம். நம் பங்கை இரட்டிப்பாய் வைத்தோம். அனுப்புவதற்கு விலாசம் தெரியவில்லை, பேரும் தெரியவில்லை. ஒரு வருஷம் வைத்திருந்துவிட்டு, இங்கே காய்ச்சலில் படுத்த வேறொரு வெளியூர்த் தொழிலாளியின் மருந்துச் செலவுக்குக் கொடுத்தோம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கடன் தீர்ந்துவிட்டதென்றும் சொல்லவில்லை. அன்றுமுதல் புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதலில் அவர் பேரையும் ஊரையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுகின்றோம். அந்த நோட்டில் இன்றைக்கு அறுபதுக்குமேல் பேர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட மற்றொன்று மாதிரி இல்லை.

நாம் சொன்னதை யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் செய்யுங்கள்.